கிட்டார் கேள்வி-பதில்: கையில் அறுபதாயிரம், மனதில் கிப்சன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் செமி ஹாலோ, அதாவது உடலின் நடுவே கட்டையும் இரு பக்கமும் கூடும் வைத்த எலெக்ட்ரிக் கிட்டார் பற்றிய கேள்விகளே அதிகம். அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அகூஸ்டிக் கிட்டார் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஐந்து வருடமாக எங்கள் சபையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். அவ்வப்போது கல்யாண வரவேற்புக் கச்சேரிகளும் உண்டு. இப்போது வைத்திருப்பது ஒரு சாதாரண சாலிட் பாடி (கூடு இல்லாத முழுக்கட்டை உடல்). செமி ஹாலோ வாங்க 60,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். கடையில் கேட்டால் அதற்குள் ஐபனெஸ் ஏஎஸ்73 கிடைக்கும், கொஞ்சம் கூடப் போட்டால், கிப்சன் கம்பெனியின் விலை குறைந்த பிராண்டான எபிஃபோனில் இஎஸ்-335 கிடைக்கும் என்கிறார்கள். எங்களோடு கீபோர்டு வாசிக்கும் அண்ணன், "இரண்டு வருஷம் பொறு, 3 லட்சத்துக்கு மேல் சேர்த்து கிப்சனே வாங்கு, மற்றதெல்லாம் வெறும் ப்ளைவுட்" என்கிறார். இவ்வளவு விலை வித்தியாசம் எதற்கு? நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தம்பி, அந்தக் கீபோர்டு அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். கிப்சனும் ப்ளைவுட்தான். 1958-ல் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ தொழிற்சாலையில் கிப்சன் முதல் இஎஸ்-335 செய்தபோதே முன்பலகை, பின்பலகை, பக்கவாட்டு எல்லாவற்றையும் மேப்பிள், பாப்லர், மேப்பிள் என்று அடுக்கி ஒட்டிய பலகையில்தான் செய்தார்கள். இன்று அமெரிக்காவிலேயே நாஷ்வில்லில் கிப்சன் செய்வதும் அடுக்குப் பலகைதான்.

காசை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை இல்லை அது. ஒற்றை மரப் பலகை நன்றாக அதிரும், அகூஸ்டிக்குக்கு அது வேண்டும். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கோ அந்த அதிர்வுதான் எமன். சத்தத்தைக் கூட்டியதும் ஊளையிட ஆரம்பித்துவிடும். அடுக்குப் பலகை விறைப்பானது, அவ்வளவு சுலபத்தில் அசையாது. அதோடு டெட் மெக்கார்ட்டி தலைமையில் இருந்த கிப்சன்காரர்கள் உடலின் நடுவே, கழுத்து சேருமிடத்திலிருந்து அடிவரை, ஒரு மேப்பிள் கட்டையை ஓடவிட்டார்கள். பிக்அப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்குவது), பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்தியைத் தாங்குவது) எல்லாம் அந்தக் கட்டை மேல்தான் உட்காரும். இரண்டு பக்கமும் மட்டும் கூடு. (இதற்கெல்லாம் முன்பே, 1940 வாக்கில், கிட்டார் கலைஞர் லெஸ் பால் நியூயார்க்கில் எபிஃபோன் தொழிற்சாலையில் உட்கார்ந்து நாலங்குலக் கட்டை ஒன்றில் தந்தி மாட்டியவர். பார்ப்பவர்களுக்குக் கிட்டாராகத் தெரிய வேண்டுமே என்று ஒரு கிட்டாரை அறுத்து அதன் இரு பக்கங்களையும் கட்டையோடு சேர்த்துக்கொண்டார்.)

உங்கள் பட்ஜெட்டில் வரும் கிட்டார்களிலும் இதே அமைப்புதான். அடுக்குப் பலகை, நடுக்கட்டை, இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்அப்), 22 ஃப்ரெட் (விரல்பலகையில் பதித்த உலோகக் கம்பிகள்), சுமார் 628 மில்லிமீட்டர் ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்). ஏஎஸ்73-ல் மேப்பிளுக்குப் பதிலாக லிண்டன் மரம் வருகிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் கண்டுபிடிப்பேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சரி, அப்படியானால் பணம் எங்கே போகிறது? முதலாவது கூலி. சீனாவிலும் இந்தோனேசியாவிலும் ஒரு தொழிலாளிக்குக் கொடுப்பது வேறு, நாஷ்வில்லில் கொடுப்பது வேறு. இரண்டாவது பெயர், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது பாலிஷ். கிப்சன் அடிப்பது நைட்ரோ லாக்கர். மெல்லியது, பழகப் பழக அழகு கூடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது கொஞ்சம் செல்லப்பிள்ளை. ரப்பர் தாங்கி வைத்த சாதாரண ஸ்டாண்டில் நாள்கணக்கில் நிறுத்தினால் ஒட்டிக்கொண்டு நிறம் மாறும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து மே மாத வெயிலில் திறந்தால் மயிரிழை விரிசல் விடும். விலை குறைந்த கிட்டார்களில் அடிக்கும் பாலியுரித்தேன் தடிமனாக இருக்கும், ஆனால் வியர்வை, வெயில், வேன் பயணம் எல்லாவற்றையும் தாங்கும். உங்கள் பிழைப்புக்கு அதுவே தேவலை.

விரல்பலகை மரத்திலும் வித்தியாசம் இருக்கிறது. கிப்சனில் ரோஸ்வுட், அதாவது நம் ஈட்டி மரத்துக் குடும்பம். 2017 ஜனவரியில் அந்தக் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிட்டாரைக் கப்பலேற்றவும் காகிதம் வேண்டும் என்றானதும், குறைந்த விலை மாடல்கள் செய்கிறவர்கள் பலர் வேறு மரத்துக்குத் தாவினார்கள். 2019 நவம்பரில் வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது, ஆனாலும் பலர் திரும்பி வரவில்லை. எபிஃபோன் 335-ல் இருக்கும் இந்தியன் லாரல் நம் காட்டுக் கருமருதுதான். ஏஎஸ்73-ல் வால்நட். இரண்டுமே உழைக்கும். தந்தி மாற்றும்போது காய்ந்து வெளிறிப்போயிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்தால் போதும். இதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

ஃப்ரெட் வேலை கொஞ்சம் முக்கியம். கிப்சன் தொழிற்சாலையில் ஃப்ரெட்டுகளை ப்ளெக் என்ற கணினி இயந்திரத்தில் அளந்து சீவுகிறார்கள். விலை குறைந்த கிட்டார்களில் இந்த வேலை பாதியில் நின்றிருக்கும். ஃப்ரெட் நுனி விரலைக் கீறும். தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் நட்டில் பள்ளம் ஆழமாக இருக்காது, அதனால் முதல் ஃப்ரெட்டில் எஃப் மேஜர் பிடித்தால் சுருதி கூடிப் போகும். வாங்கியவர் பாவம், தன் காதுமேல் சந்தேகப்படுவார். ஆனால் இதெல்லாம் வெளியிலிருந்தே கைக்கு எட்டும் வேலை. விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால், ஐந்தாயிரம் ரூபாய்க்குள் நட், ஃப்ரெட், ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி), பிரிட்ஜ் எல்லாம் சரிசெய்து தந்துவிடுவார். அதன் பிறகு கைக்குக் கிப்சனுக்கும் இதற்கும் இருக்கும் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

கைக்கு எட்டாத இடம் உள்ளே இருக்கிறது. நான் சொல்ல வந்ததே அதுதான்.

சாலிட் பாடி கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, மலிவாக வாங்குங்கள், பிறகு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று. முன்பக்கத் தகட்டையோ பின்பக்க மூடியையோ கழற்றினால் வயர், பாட் (வால்யூம், டோன் நாபுக்கு அடியில் சுற்றும் பாகம்), சுவிட்ச் எல்லாம் கண்முன்னே இருக்கும். ஒரு மணி நேரத்தில் சோல்டர் வைத்து மூடிவிடலாம். செமி ஹாலோவில் பெரும்பாலும் அப்படி மூடியே கிடையாது. நான்கு பாட், பிக்அப் சுவிட்ச், கேபிள் மாட்டும் ஜாக் அத்தனையும் மேலே இருக்கும் எஃப் வடிவத் துளை வழியாக வெளியே வந்து, அதே துளை வழியாகத் திரும்பிப் போய், ஒவ்வொன்றும் தன் ஓட்டையில் மூக்கை நீட்ட வேண்டும். பாட் ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டி, பெயர் எழுதி, இழுத்து, சரியாக உட்காராமல் மறுபடி இழுத்து, என் பட்டறையில் இது அரை நாள் வேலை. கூலியைச் சொன்னதும் வந்தவர் முகம் மாறும். இதில் இன்னொரு வம்பு. அமெரிக்க பாட் ஒன்றின் கழுத்துக்கு 9.5 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். மலிவுக் கிட்டார்களில் சின்ன பாட் போட்டு, ஓட்டையையும் சின்னதாகப் போட்டிருப்பார்கள். அதைப் பெரிதாக்கும்போது கை தவறினால் பாலிஷ் சில்லுச் சில்லாகப் பெயரும்.

பாட் அவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். சபையில் வாசிக்கிற உங்களுக்கு ரொம்ப முக்கியம். ஜெப நேரத்தில் பின்னால் மெல்ல வாசித்து, பாட்டு எழும்போது வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறீர்கள் அல்லவா? மட்டமான பாட் என்றால் 10-லிருந்து 8-க்கு வருவதற்குள் பாதிச் சத்தம் காணாமல் போகும், 3-க்குக் கீழே திடீரென்று மொத்தமும் அணைந்துவிடும். நடுவில் வாசிக்க இடமே இருக்காது. ஒரு வருடம் தூசியும் ஈரக்காற்றும் பட்டபின் கரகரப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே செமி ஹாலோவை மட்டும் "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற நினைப்போடு வாங்காதீர்கள். உள்ளே இருப்பது முதல் நாளே நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால் உங்களுக்கு என் சிபாரிசு எபிஃபோன் இஎஸ்-335. 2020-ல் வந்த இந்த வரிசையில், கிப்சன் மாதிரியான பெரிய கிட்டார்களில் போடும் சிடிஎஸ் கம்பெனி பாட்களையே போடுகிறார்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் உருப்படியான பங்கு அங்கேதான் இருக்கிறது. கழுத்து ஐபனெஸைவிடக் கொஞ்சம் பருமன். உங்கள் கை சின்னது, மெல்லிய கழுத்துதான் சுகம் என்றால் ஏஎஸ்73-ஐ வாங்குங்கள், பிரமாதமாக வாசிக்கலாம். ஆனால் வால்யூம் நாபைத் திருகித் திருகி வாசிப்பவர் என்றால் எபிஃபோன். கூடுதல் பணத்துக்கும் செட்டப் செலவுக்கும் சேர்த்து மூன்று நான்கு மாதம் பொறுங்கள். இரண்டு வருடம் வேண்டாம். அதற்குள் எத்தனை கச்சேரி வாசித்திருப்பீர்கள்!

கிப்சன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லாரி கார்ல்டன், 1960-களின் கடைசியில் தயாரான ஒரு 335-ஐப் பல்லாண்டாக வாசித்தவர், 'மிஸ்டர் 335' என்றே பெயர். நல்ல வால்வு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்து, விரல் அழுத்தத்தாலேயே ஒலியை மாற்றி வாசிப்பவருக்கு அந்தப் பணம் வீண் போகாது. பிறகு விற்றாலும் நல்ல விலை போகும். நீங்கள் ஒலியை மாற்றும் ப்ராசஸர் வழியாக நேரே மிக்சருக்குப் போகிறவராகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வழியில் மூன்று லட்சத்தின் பாதி மகிமை மண்டபத்து ஸ்பீக்கருக்கு வந்து சேராது. இன்னொன்றும் உண்டு. கிப்சனில் கழுத்தும் தலையும் ஒரே மகோகனித் துண்டு, தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். ஸ்டாண்டோடு சரிந்தால் முறிவது அந்த இடத்தில்தான். கல்யாண மேடையில் குழந்தைகள் ஓடும், போட்டோக்காரர் வயரை இழுத்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார். மூன்று லட்சத்தை அங்கே நிறுத்திவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போக என்னால் முடியாது.

எதை வாங்கினாலும் கடைக்குப் போய் எடுத்துப் பாருங்கள். திருவனந்தபுரம் உங்களுக்குப் பக்கம்தானே. முதலில் ஆம்பில் மாட்டாமல் ஒவ்வொரு தந்தியிலும் எல்லா ஃப்ரெட்டையும் வாசியுங்கள், 12-க்கு மேல் தந்தியை வளைத்துப் பாருங்கள், சத்தம் செத்துப் போகிறதா என்று. போன் டார்ச்சை எஃப் துளைக்குள் காட்டி நடுக்கட்டை இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பின்பலகையை விரல் முட்டியால் தட்டுங்கள், உள்ளே எதாவது லொடலொடத்தால் வேறு பீஸ் கேளுங்கள். பிறகு ஆம்பில் மாட்டி நான்கு நாபையும் மெதுவாகத் திருகி, சுவிட்சை மாற்றி, ஜாக்கை லேசாக அசைத்துப் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையில் கரகரத்தால் கடைக்காரர் "ஸ்ப்ரே அடித்தால் சரியாகிவிடும்" என்பார். அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சரியாகாவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: என் செமி ஹாலோவில் கேபிள் மாட்டும் ஜாக் லூசாக இருந்தது. கையால் இறுக்கப் போனேன், உள்ளே விழுந்துவிட்டது. கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: மேலே சொன்னதற்கு நீங்களே சாட்சி! வயர் அறுந்திருக்காவிட்டால் வீட்டிலேயே முடிக்கலாம். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பது மாதிரிதான், பொறுமை வேண்டும்.

எஃப் துளையின் ஓரத்தில் மெல்லிய துணி அல்லது டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், கீறல் விழாமல் இருக்கும். கிட்டாரைச் சாய்த்து ஜாக்கைத் துளைப் பக்கம் வரவழையுங்கள். கொக்கி மாதிரி வளைத்த கம்பியால் அதைத் துளைக்கு வெளியே இழுத்து, வயர் சேர்ந்திருக்கும் இடங்களைப் பாருங்கள். அறுந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு யாரிடமாவது சோல்டர் வைக்கக் கொடுங்கள். நன்றாக இருந்தால், பழைய கனமான தந்தி ஒன்றை ஜாக் ஓட்டையில் வெளியிலிருந்து விட்டு எஃப் துளை வழியாக எடுங்கள். அந்த நுனியை ஜாக்கின் மூக்கு வழியாக உள்ளே விட்டு, பின்பக்கமாக வெளியே எடுத்து, நழுவாதபடி ஒரு சின்ன வாஷரைக் கட்டிவிடுங்கள். இனி மறுமுனையை மெல்ல இழுத்தால் ஜாக் உள்ளே போய்த் தன் ஓட்டையில் வந்து மூக்கை நீட்டும். அதை விடாமல் பிடித்தபடியே வெளிப்பக்க வாஷரையும் நட்டையும் தந்தி வழியாகவே கோத்து இறக்கித் திருகிவிடலாம். பாதி இறுகியதும் தந்தியை எடுத்துவிட்டு, ஜாக்குக்குள் ஒரு பழைய பிளக்கைச் செருகி, ஜாக் கூடவே சுற்றாமல் அதைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். சுற்றவிட்டால் வயர் முறுக்கி அறுந்துவிடும். உள்பக்கம் பல் வைத்த வாஷர் ஒன்று போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வராது. ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

கேள்வி: என் மகன் பதினோராம் வகுப்பு. அகூஸ்டிக் வாசிக்கிறான். இப்போது எலெக்ட்ரிக் கேட்கிறான், அதுவும் நடுவில் துளை வைத்ததுதான் வேண்டுமாம். ஆம்ப் இல்லாமலும் கேட்கும், அதனால் ஆம்ப் செலவு மிச்சம் என்கிறான். 25,000 ரூபாய்க்குள் ஆன்லைனில் ஒன்று காட்டினான். பெயர் கேள்விப்பட்டதில்லை. வாங்கித் தரலாமா?
— ஒரு தாய், திருச்சி

பதில்: அம்மா, பையன் சொல்வதில் பாதி உண்மை. ஆம்ப் இல்லாமல் சாலிட் பாடியைவிட இது நன்றாகவே கேட்கும். ராத்திரி எல்லோரும் தூங்கியபின் அறைக்குள் பயிற்சி செய்ய அந்தச் சத்தம் போதும், பக்கத்து வீட்டுக்கும் தொல்லையில்லை. ஆனால் அவனுடைய அகூஸ்டிக் அளவுக்கெல்லாம் வராது. நண்பர்களோடு உட்கார்ந்து பாடினால் காணாமல் போய்விடும். ஒரு சின்ன ஆம்ப் வாங்கித்தான் ஆக வேண்டும்.

25,000-த்துக்குள் பெயர் தெரியாத செமி ஹாலோ வேண்டாம். அதில் எங்கே மிச்சம் பிடித்திருப்பார்கள் என்று முதல் பதிலிலேயே எழுதியிருக்கிறேன், உள்ளேதான். அதே பணத்தில் யமஹா பசிஃபிகா 012 மாதிரி ஒரு நல்ல சாலிட் பாடியும் சின்ன ஆம்பும் வாங்கலாம், எது கெட்டாலும் எந்த ஊரிலும் சரிசெய்யலாம். துளை வைத்ததுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஐபனெஸில் ஏஎஸ்53 என்று ஒன்று உண்டு. அலங்கார வேலை இல்லாத, சபேலி மரத்தில் செய்த எளிய கிட்டார். 25,000-த்துக்குக் கிடைக்காது, கூட ஆகும். அதைக் கையில் கொடுத்து உட்காரவைத்துப் பாருங்கள். உடல் சுமார் 16 அங்குல அகலம், சாலிட் பாடியைவிடப் பெரிது. சில பையன்களுக்கு வலது தோள் தூக்கிக்கொள்ளும். படத்தில் பார்த்து ஆசைப்பட்டவர்கள் மடியில் வைத்ததும் மனம் மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எபிஃபோன் கேசினோவும் இஎஸ்-335-ம் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. கேசினோ பீட்டில்ஸ் வாசித்தது என்பதால் அதன்மேல் ஆசை. மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். எது சரி?
— ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: ஆசையில் தப்பில்லை. 1964 முதல் 66 வரை மெக்கார்ட்னி, லெனன், ஹாரிசன் மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கேசினோ வாங்கினார்கள். 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் மொட்டை மாடியில் வாசித்தபோது லெனன் கையில் இருந்தது அதுதான், முந்தைய வருடமே பெயின்டைச் சுரண்டி வெறும் மரமாக்கியிருந்தார்.

ஆனால் உங்கள் வேலைக்கு 335. கேசினோவுக்குள் நடுக்கட்டை கிடையாது, முழுக்கக் கூடு. கொஞ்சம் சத்தம் கூட்டினால் மானிட்டர் முன்னால் ஊளையிடும். (மெக்கார்ட்னி அந்த ஊளைக்காகவே ஆசைப்பட்டு வாங்கினார் என்பார்கள், உங்கள் குழுத் தலைவர் அதை ரசிப்பாரா என்று தெரியாது.) தவிர, அதில் இருப்பது ஒற்றைச் சுருள் பி-90 பிக்அப். மண்டபத்தில் சீரியல் செட்டும் டிம்மர் விளக்கும் எர்த் இல்லாத பிளக்கும் சேர்ந்தால், பாட்டு முடிந்த பிறகும் உங்கள் கிட்டார் மட்டும் 'ம்ம்ம்' என்று பாடிக்கொண்டிருக்கும். 1950-களில் கிப்சனில் சேத் லவர் ஹம்பக்கரை வடிவமைத்ததே இந்த இரைச்சலை ஒழிக்கத்தான். கேசினோவில் கழுத்து உடலோடு சேருமிடமும் முன்னாலேயே வந்துவிடும், மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்டுவது சிரமம். வீட்டில் ரெக்கார்டிங் மட்டும் செய்பவராக இருந்தால் மறுபேச்சில்லாமல் கேசினோவை வாங்கச் சொல்லியிருப்பேன். தனியாக ஒலிக்கும்போது அதன் மணியோசைக்கு 335 ஈடாகாது.

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவர் 1980-களில் ஜப்பானில் செய்த ஐபனெஸ் ஏஎஸ்200 விற்கிறார். புது எபிஃபோன் 335-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார். பழையதற்கு இவ்வளவா?
— ஒரு வாசகர், ஈப்போ, மலேசியா

பதில்: உண்மையான ஏஎஸ்200 என்றால், உடம்பு நன்றாக இருந்தால், அந்த விலை அநியாயமில்லை. ஜப்பானின் மட்சுமோட்டோவில் ஃபுஜிஜென் தொழிற்சாலையில் செய்தவை அவை. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்ட், 1981-ல் தயாரான ஏஎஸ்200-ஐத்தான் பல்லாண்டாக வாசிக்கிறார், அதை வைத்தே ஐபனெஸ் அவர் பெயரில் ஒரு மாடலும் போட்டது. என்னைக் கேட்டால், கிப்சன் விலை கொடுக்காமல் கிப்சன் தரத்துக்குப் போக இருக்கும் நல்ல வழி இந்தப் பழைய ஜப்பான் கிட்டார்கள்தான். அதே ரகத்தில் யமஹா எஸ்ஏ2000-ம் உண்டு.

முதலில் சீரியல் எண்ணைப் பாருங்கள். அந்தக் காலத்து ஜப்பான் ஐபனெஸில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து வரும். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படியே எல் வரை. அடுத்த இரண்டு இலக்கம் வருடம். அது விற்பவர் சொல்லும் கதையோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு தலையும் கழுத்தும் சேருமிடத்தில் பக்கவாட்டாக டார்ச் அடித்து, முறிந்து ஒட்டிய கோடு தெரிகிறதா என்று தேடுங்கள். ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்பதை அவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பிரிட்ஜை ஏறக்குறைய அடிவரை இறக்கியும் தந்தி உயரமாகவே இருந்தால் கழுத்துக் கோணம் போய்விட்டது என்று அர்த்தம், கிளம்பிவிடுங்கள். ஃப்ரெட் தேய்ந்து தட்டையாகியிருந்தால் அது பேரம் பேச நல்ல காரணம். ஓரத்தில் பைண்டிங் வைத்த கழுத்துக்குப் புது ஃப்ரெட் அடிப்பது செலவு பிடிக்கும் வேலை, அந்தக் கூலியை உள்ளூரில் விசாரித்து விலையிலிருந்து கழியுங்கள். பிக்அப்பை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பழைய சூப்பர் 58 பிக்அப்பைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டுக் கிட்டாரை மட்டும் முழு விலைக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு.

கேள்வி: செர்ரி சிவப்பா, சன்பர்ஸ்டா? எது நன்றாக ஒலிக்கும்? தங்க நிற ஹார்டுவேர் வைத்ததற்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: சிவப்புக்கும் சன்பர்ஸ்டுக்கும் ஒலியில் வித்தியாசம் கிடையாது. போட்டோவில் சிவப்பு நன்றாக விழும். தங்க முலாம் மதுரை வெயிலில் உங்கள் உள்ளங்கை வியர்வைக்குச் சீக்கிரமே வெளுத்துவிடும், பிரிட்ஜ் மேல் கை வைத்து வாசிப்பவர் என்றால் இன்னும் வேகமாக. நிக்கல் போட்டதையே வாங்குங்கள். மிச்சப் பணத்தில் நல்ல கேபிள் ஒன்றும், 10-46 கனத்தில் தந்தி நாலு செட்டும் வரும்.